விளையாட்டு வினா விடை

கும்பகோணம் வாசகர்: சைக்கியோ நிறுவனத்தின் ‘சாமுராய் ஏசஸ்’ (1993) என்ற சுடும் விளையாட்டைக் கணினியில் போட்டால் படம் நடுவில் ஒடுங்கி, இரு பக்கமும் கறுப்பாக இருக்கிறது. என்ன கோளாறு?

கோளாறே இல்லை. நெட்டுக்குத்தாக நிறுத்திய திரைக்கென்று செய்த விளையாட்டு அது. அகலம் 3 என்றால் உயரம் 4. சாதாரண 24 அங்குல மானிட்டரில் சுமார் 22 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம்தான் கிடைக்கும். மானிட்டரையே திருப்பி நிறுத்தினால் 30-க்கு 40. ஸ்டாண்டு சுழலாதா? பின்பக்கத் திருகுத்துளைகளை அளந்து பாருங்கள். இடைவெளி 10 செ.மீ. என்றால் அதே அளவுள்ள சுவர்த் தாங்கியில் மாட்டலாம். பிறகு விளையாட்டின் அமைப்பில் மட்டும் படத்தைத் திருப்புங்கள். விண்டோஸிலும் சேர்த்துத் திருப்பினால் படம் தலைகீழாகவோ, பழையபடியோ வந்து நிற்கும்.

தஞ்சாவூரில் பழைய மானிட்டர் வாங்குவதானால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் வகைத் திரையா என்று கேட்டு வாங்குங்கள். மலிவான டிஎன் வகைத் திரையில் கீழிருந்து பார்த்தால் நிறம் கெடும். திருப்பி நிறுத்தியதும் அந்தக் குறை பக்கவாட்டுக்கு வந்துவிடும். கூட ஆடுபவருக்குத் தோட்டாவே சரியாகத் தெரியாது, அப்புறம் சண்டைதான்.

மன்னார்குடி வாசகர்: அடுத்த பாகமான ‘டெங்காய்’க்கும் திரையைத் திருப்ப வேண்டுமா?

வேண்டாம். 1996-இல் வந்த அது பக்கவாட்டில் நகரும் விளையாட்டு, கிடையாக நிற்கும் திரைக்கென்றே செய்தது. டிவியில் ஆடினால் அதன் பட அமைப்பில் ‘கேம் மோட்’ போடுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அழுத்திய பிறகு தாமதமாகத்தான் குண்டு வெடிக்கும்.