மென்பொருளைப் பிரித்துப் பார்க்கும் பையன்: சாட்ஸ்வொர்த் அம்மாவுக்குப் பதில்

ஒன்பதாம் வகுப்பு மகன் ராத்திரியெல்லாம் பழைய ஸ்கைப்பைக் குடைந்துகொண்டிருக்கிறான், ஹேக்கர் ஆகிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப்பைப் பிடுங்காதீர்கள் அம்மா. தூங்கும் நேரத்தில் மட்டும் கறாராக இருங்கள்.

அவன் செய்வது ரிவர்ஸ் எஞ்சினியரிங். மூலநிரல் கையில் இல்லாமலே ஒரு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று துப்பறிவது. 2025 மே மாதத்தோடு ஸ்கைப் சேவை நின்றுவிட்டது. ஆனால் படிக்க அருமையான சரக்கு. நிரலின் சில பகுதிகள் மறையாக்கப்பட்டிருந்தன. யாராவது கைவைத்தார்களா என்று தன்னையே சோதித்துக்கொள்ளும். நிரலை அடியடியாக நிறுத்திப் பார்க்க உதவும் டீபக்கர் என்ற கருவி இருப்பது தெரிந்தால் ஓட மறுக்கும். அதையும் மீறி பிலிப் பியோந்தி, ஃபாப்ரிஸ் தெக்லோ என்ற இருவர் அதன் உள்வேலைகளை 2006-இல் பிளாக் ஹாட் ஐரோப்பா என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் மேடையேறி விளக்கினார்கள். ஒளிந்து செய்த காரியமில்லை, இருவரும் ஈ.ஏ.டி.எஸ் என்ற விமானத் தயாரிப்புக் குழுமத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அலுவலக நெட்வொர்க்கிலிருந்து ஸ்கைப் எதை வெளியே அனுப்புகிறது என்று ஃபயர்வால் என்ற நெட்வொர்க் காவலை வைத்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் அவர்களுடைய கவலை. இன்று மால்வேர் எனும் தீய மென்பொருளைப் பிரித்துப் படிப்பவர்களின் பிழைப்பும் இதே திறமைதான்.

சட்டத்தை மட்டும் அவனுக்குப் புரியவையுங்கள். நம் தென்னாப்பிரிக்காவின் சைபர்குற்றச் சட்டத்தின் பெரும்பகுதி 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதும், பிறர் தகவலை இடைமறிப்பதும் குற்றம். சொந்த லேப்டாப், சொந்த வைஃபை, அதோடு நிற்கட்டும். பக்கத்து வீட்டு வைஃபையில் வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) போட்டுப் பார்ப்பது விளையாட்டல்ல. பிரித்தெடுத்த நிரலை இணையத்தில் போடவும் கூடாது, பதிப்புரிமைச் சிக்கல் வரும். ஐரோப்பாவில் வேறு மென்பொருளோடு இணைந்து இயங்கச் செய்வதற்காகப் பிரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதை நம்பி இங்கே இறங்க வேண்டாம்.

உண்மையில் எனக்குக் கவலை ஹேக்கிங் பற்றி இல்லை. இந்த வருடக் கடைசியில் நீங்கள் கையெழுத்துப் போடப்போகும், பத்தாம் வகுப்புக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் படிவம்தான். மார்க் ஏறும் என்று யாராவது சொன்னால் அன்றாடக் கணக்கு மட்டும் கற்பிக்கும் மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிக்கல் லிட்டரசி) பாடத்தில் தள்ளிவிடாதீர்கள். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமானாலும் வேறெதுவானாலும் கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டப்படிப்புக்கு முழுக் கணிதம் வேண்டும். கூடவே பிசிக்கல் சயன்சஸும் எடுக்கட்டும். கேட் (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் டெக்னாலஜி) பாடத்தையும் ஐடி (இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி) பாடத்தையும் ஒன்றென்று நினைக்காதீர்கள்: கேட்டில் பெரும்பாலும் வேர்டும் எக்செல்லும்தான், நிரல் எழுதுவது ஐடியில். பள்ளியில் ஐடி இல்லையென்றால் பரவாயில்லை, சி என்ற நிரல்மொழியை வீட்டிலேயே பழகலாம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்.எஸ்.ஏ 2019-இல் வெளியிட்ட கீட்ரா என்ற ரிவர்ஸ் எஞ்சினியரிங் கருவியும் இலவசம்தான். அவன் ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பான், கேட்டுப் பாருங்கள்.