பொனட்டைத் திறந்தால் 1959 தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்: பழைய வாகனங்கள்

கேள்வி: ஆசிரியராக இருந்த என் தகப்பனார் ஓடிய 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000 கார், அவர் காலமான பின்னர் பதினொரு வருடங்களாக வீட்டுக் கொட்டிலில் நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது. ஒரு மெக்கானிக், ஜப்பான் எஞ்சின் ஒன்றைப் பூட்டிவிடலாம் என்கிறார். எனக்கோ பொனட்டைத் திறந்தால் அப்பா பார்த்த அதே எஞ்சின் தெரிய வேண்டும். ஆனால் மகியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவில் கொதிக்காமல் ஏறவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா?
– வாசகர், கல்லடி

பதில்: நடக்கும். ஜப்பான் எஞ்சின் குறைந்த செலவில் காரை ஓட வைத்துவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்காக எஞ்சின் தாங்கிகளை வெட்டி, கியர்பெட்டியை மாற்றி, தரைத்தகட்டையும் அறுத்த பின்னர் உங்களிடம் மிஞ்சுவது மொரிஸ் மைனரின் கூடு மட்டுமே. அப்படி வெட்டிய காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது, இப்போது இறுகிக் கிடக்கும் எஞ்சினைத் திருத்துவதை விடப் பல மடங்கு கடினமான வேலை.

உங்கள் காரில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். 1951இல் ஒஸ்டின் ஏ30 காருக்காக 803 சீ.சீ. அளவில் வந்த இந்த வடிவம், 1956இல் மைனர் 1000 அறிமுகமானபோது 948 சீ.சீ. ஆகி, 37 குதிரைவலுவைத் தந்தது. மினி கார்களிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் ஓடியது என்பதால், பிஸ்டன், ரிங், பெயரிங், கஸ்கட் போன்றவற்றை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உதிரிப்பாகம் கிடைக்காது என்ற காரணத்தைச் சொல்லி யாரும் உங்களைக் கலங்கடிக்க இடமில்லை.

இறுகிய எஞ்சினைக் கயிறு கட்டி இழுத்துச் சுற்ற வைக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் மெல்லிய ஒயிலும் கலந்து ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு ஊற்றி, ஒரு வாரம் விட்டுவைத்து, பின்னர் காரோடு வந்த கைக் கிராங்கை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைந்துவிட்டால் மகிழ்ச்சி, ஆயினும் உடனே ஸ்டார்ட் செய்யக்கூடாது. பதினொரு வருடங்கள் ஒரே இடத்தில் நின்ற பிஸ்டனின் ரிங்குகள், சிலிண்டர் சுவரில் தாம் இருந்த உயரத்திலேயே துருவினால் ஒரு வளையத்தைப் பதித்திருக்கும். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றி விரலை உள்ளே விட்டுத் தடவினால் நகத்தில் தட்டுப்படும். அந்த வளையத்தின் மேல் ரிங் ஏறி இறங்கினால் முதல் நாளிலேயே உடையக்கூடும். ஆகவே எஞ்சினை இறக்கி, முற்றாகப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்த பின்னர் வரும் முதல் வேலை அளப்பது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டில், பெயரிங்குகளில் சுழலும் ஒவ்வொரு கழுத்தையும் மைக்ரோமீற்றரால் இரண்டு திசைகளில் அளந்தால் அது வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்பது தெரியும். தேய்ந்திருந்தால் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்ற படிகளில் கடைந்து, அந்த அளவுக்குரிய பெயரிங்கைப் போடுவார்கள். சிலிண்டரின் தேய்மானமோ மேற்பகுதியில்தான் அதிகம். இங்கே நம்மவர்கள் அடிக்கடி விடும் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்: சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கை முதலில் போர் செய்துவிட்டு, அதாவது சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கிவிட்டு, அந்த அளவுக்குப் பிஸ்டன் தேடி அலைவது. பெரிதாக்கப்பட்ட பிஸ்டன் செற்றைக் கையில் வாங்கி, அதையும் பிளாக்கையும் ஒன்றாகப் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனை அளந்தே போர் செய்யச் சொல்லுங்கள். தேய்மானம் எல்லை கடந்திருந்தால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற உருளை உறையை அடித்துப் பழைய அளவுக்கே திரும்பலாம். பிளாக்கை வீச வேண்டியதில்லை.

பிளாக்கைக் கழுவக் கொடுக்கும் முன் ஒன்று. டைனமோத் தாங்கிக்கு மேலே, பிளாக்கின் பக்கத்தில், எஞ்சின் இலக்கம் பொறித்த மெல்லிய தகடு ஒன்று ஆணி அடித்திருக்கும். ஆணிகளை நுணுக்கமாகத் துளைத்து அதைக் கழற்றி, வீட்டில் பத்திரப்படுத்திவிட்டே பிளாக்கை அனுப்புங்கள். நான் தொழில் பழகிய நாட்களில், ஒரு பட்டறையில் தகட்டோடு பிளாக்கைக் காரக் கரைசலில் அமிழ்த்திவிட்டார்கள். மறுநாள் தூக்கியபோது இரண்டு துளைகள் மட்டுமே இருந்தன, தகடு அடியில் கிடந்த கசட்டோடு கொட்டப்பட்டுவிட்டது. அந்தக் காரின் உரிமையாளர் அந்த இரண்டு துளைகளையும் விரலால் தடவிக்கொண்டு நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இனி, கண்ணுக்குத் தெரியாத மேம்பாடுகளுக்கு வருவோம். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002இல் நிறுத்தப்பட்டது. அந்த ஈயம் எக்ஸோஸ்ட் வால்வின் இருக்கையை ஒரு மெல்லிய படலமாகக் காத்து வந்தது. அது இல்லாதபோது, நீண்ட ஏற்றத்தில் வால்வு சிறிது சிறிதாக இரும்புக்குள் புதையும். எனவே ஹெட்டில் கடினமாக்கப்பட்ட எக்ஸோஸ்ட் இருக்கைகளைப் பதிப்பது செலவானாலும் தவிர்க்க முடியாதது. அதற்கு முன் ஹெட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழையவும் புகை வெளியேறவும் ஐந்தே துளைகள்; 2ஆம், 3ஆம் சிலிண்டர்களின் புகை நடுவிலுள்ள ஒரே துளையால் வெளியேறுவதால் சூடு அங்கேதான் குவிகிறது, வெடிப்பும் அங்கேதான் விழுகிறது.

பிஸ்டன்களையும், அவற்றைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டுகளையும் ஒரே எடைக்குக் கொண்டுவருவது அடுத்தது. மூன்றே மெயின் பெயரிங்குகளில் சுழலும் கிராங்க் என்பதால், எடைச் சமநிலையின் பயனை ஸ்டியரிங்கைப் பிடித்த கை உடனே உணரும். நகைக்கடைத் தராசு ஒன்றே போதும். நான்கில் மிக இலேசானதைக் கண்டுபிடித்து, மற்றவற்றின் உட்புறத்தை அந்த எடைக்குத் தேய்க்க வேண்டும். ஒற்றை வரி டைமிங் சங்கிலிக்குப் பதிலாக இரட்டை வரிச் சங்கிலியைச் சிறு திருத்தங்களோடு அதே மூடிக்குள் அடக்கலாம். டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் பிளாட்டினப் புள்ளிக்குப் பதிலாக எலெக்ட்ரோனிக் தொகுதியைப் பொருத்தினாலும் வெளியே எதுவும் மாறாது. ஆனால் உங்கள் காரின் பற்றறியில் உடலோடு இணைவது நேர்முனை. அந்த இணைப்புக்கென்றே செய்த தொகுதியைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் சாவியைத் திருப்பிய கணத்தில் அது கருகிவிடும்.

வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டில், வேகக் கார்களுக்குரியதை மட்டும் போடாதீர்கள். அது மேல் வேகத்தில் தரும் வலுவைக் கீழ் வேகத்தில் பறித்துவிடும். பதினெட்டு வளைவில் இரண்டாம் கியரில், சுமையோடு, மெதுவாக ஊர்ந்து ஏறும்போது உங்களுக்கு வேண்டியது கீழ் வேகத்து இழுவை. தொழிற்சாலை கொடுத்த கேம் அதற்கென்றே அமைந்தது.

கொதிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் எஞ்சினின் வலுக்குறைவு அல்ல, பிளாக்கின் வயிற்றில் கிடக்கும் துருச்சேறு. அது நான்காம் சிலிண்டரைச் சுற்றிப் பின்பக்கத்தில் கட்டியாகப் படிந்திருக்கும்; அடைப்புத் தகடுகளைத் தட்டி எடுத்துவிட்டுக் கம்பியால் கிண்டி, நீர் தெளிவாக வரும்வரை கழுவி, பித்தளைத் தகடுகளைப் பூட்ட வேண்டும். ரேடியேற்றரின் மேல், கீழ்த் தொட்டிகளை அப்படியே வைத்து, நடுவிலுள்ள குழாய்ப் பகுதியை மட்டும் புதிதாகப் போடலாம். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள கல்லடியில் கிணற்று நீர் பல இடங்களில் உவர். அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ரும் கலந்து ஊற்றுங்கள். நீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூரில் ஒரு வழக்கமாகிவிட்டது. கழற்றினால் எஞ்சின் சரியான சூட்டை எட்ட நெடுநேரம் எடுத்து, புதிதாகப் போர் செய்த சிலிண்டர் விரைவில் தேய்கிறது.

பூட்டும்போது ஹெட் நட்டுகள் ஒன்பதையும் நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக, 40 இறாத்தல்-அடி வரை இறுக்க வேண்டும். மெயின் பெயரிங்குக்கு 60, கனெக்டிங் ரொட்டு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்டுக்கு 35. வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு.

வெளித்தோற்றத்தில் எனக்குள்ள ஒரே கவலை, நீங்கள் அளவுக்கு மீறி அழகுபடுத்திவிடக்கூடாது என்பதே. ரொக்கர் மூடிக்குக் குரோமியம் பூசுவதும் அலுமினியத்தைக் கண்ணாடியாக மினுக்குவதும் 1959இல் எவரும் செய்யாதவை. இந்த எஞ்சின்கள் பச்சை நிறம் பூசியே வந்தன. உங்கள் எஞ்சினின் உண்மையான பச்சையை, டைனமோத் தாங்கியின் பின்னே, ஒயில் கசடு மூடி வெயிலும் காற்றும் படாதிருந்த இடத்தில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காணலாம். கழுவக் கொடுக்கும் முன்பே அதைப் பார்த்து, அந்த நிறத்துக்கே வர்ணம் கலக்கச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்த பின்னர், காரின் கீழே இரண்டொரு ஒயில் துளிகள் விழுந்தால் பயப்படாதீர்கள். இந்தக் கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. சுழலும்போது ஒயிலை உள்ளே திருப்பித் தள்ளும் திருகு வரி மட்டுமே உண்டு. அப்பாவின் காலத்திலும் அது சொட்டியிருக்கும்.

கேள்வி: ரொறொன்ரோவில் வசிக்கும் என் மூத்த அண்ணா 1969ஆம் ஆண்டு செவர்லே கமரோ ஒன்றை வாங்கி, அதன் 350 எஞ்சினை 383 ஆக்கப் போகிறாராம், வெளியே ஒரு மாற்றமும் தெரியாது என்கிறார். அது எப்படி? அது ஏமாற்று ஆகாதா?
– வாசகி, கல்முனை

பதில்: 1964இல் பொன்ரியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காருக்குள் 389 கனஅங்குல எஞ்சினைப் பூட்டி ஜி.டி.ஓ. என்று விற்றதிலிருந்து அமெரிக்காவில் பரவிய 'மசில் கார்' வழக்கத்தைச் சேர்ந்தது கமரோவும். 350 என்பது எட்டுச் சிலிண்டர்களும் சேர்ந்த கொள்ளளவு; ஒவ்வொன்றும் 4 அங்குல விட்டமும் 3.48 அங்குல ஓட்டமும் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) கொண்டது. விட்டத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் 30 பங்கு கூட்டி, செவர்லேயின் 400 எஞ்சினுக்குரிய 3.75 அங்குல ஓட்டத்தைத் தரும் கிராங்கைப் போட்டால் 383 கனஅங்குலம் ஆகிறது. பிளாக் அதேதான். நீண்ட ஓட்டத்தில் கனெக்டிங் ரொட்டின் போல்ட் இடிக்காதபடி பிளாக்கின் உட்புறத்தைச் சிறிது தேய்க்க வேண்டும், அதுவும் உள்ளேதான்.

ஆயினும் அண்ணாவிடம் இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள். பழைய 400 கிராங்கின் சமநிலை எடை வெளியே, முன்முனையில் அதிர்வைத் தணிக்கும் சக்கரமான டாம்பரிலும் இருப்பதால், அதைப் போட்டால் டாம்பரையும் மாற்ற நேரும், பழகிய கண் அதைக் கண்டுபிடித்துவிடும்; உட்சமநிலை கொண்ட புதிய கிராங்கை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. மற்றையது முக்கியமானது. அந்த எஞ்சினின் அடையாள எழுத்துகள் பிளாக்கின் முன்புறத்தில், வலப்பக்க ஹெட்டுக்கு முன்னே, ஹெட் உட்காரும் அதே தளத்தின் நீட்சியில் பொறிக்கப்பட்டுள்ளன. பட்டறையில் தளத்தைச் சமப்படுத்த ஒரு தடவை சீவினால் எழுத்துகளும் சேர்ந்து போய்விடும். அந்த மூலையைத் தொடாமல் சீவும் பட்டறையை அவர் தேட வேண்டும்.

ஏமாற்று என்ற கேள்வி சரியானது. தான் ஓடி மகிழ்வதற்காகச் செய்தால் அதில் பிழையே இல்லை. விற்கும் நாளில் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். மறைத்தால்தான் அது ஏமாற்று.

கேள்வி: என்னிடமும் 948 மைனர் உண்டு. 1098 சீ.சீ. எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. அதைப் பூட்டி, என் பழைய இலக்கத் தகட்டை அதில் அடித்துவிட்டால் பதிவுப் புத்தகத்தை மாற்றத் தேவையில்லை என்கிறார்கள். சரியா?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: சரியல்ல, செய்யவே வேண்டாம். ஒரு பிளாக்கின் தகட்டை இன்னொன்றில் அடிப்பது பொய் ஆவணம் எழுதுவதற்குச் சமம். எஞ்சின் மாறினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். விற்பவரிடம் அந்த எஞ்சின் எந்த வாகனத்திலிருந்து வந்தது என்பதற்கான பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். 1098 எஞ்சினின் கிளச் பெரியது என்பதால் அதன் கியர்பெட்டியையும் சேர்த்தே வாங்குவது நல்லது. அந்த 48 குதிரைவலுவுக்காகத் தொழிற்சாலை முன் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கியது என்பதையும் நினைவில் வையுங்கள். கழற்றிய 948 பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போடாமல், சிலிண்டர்களுக்குள் கிறீஸ் தடவி, துணியால் மூடி, ஈரத்தரையில் படாதபடி பலகைமேல் வைத்து, அதன் தகட்டை அதிலேயே விட்டுவையுங்கள்.