பொனட்டைத் திறக்கத் தெரிந்த பெரியம்மா

கேள்வி: எனக்கு 39 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன். என் பெரியப்பா 2019இல் காலமானார். அவருடைய 1983ஆம் ஆண்டு மெர்சிடிஸ் பென்ஸ் 240டி கார் தெஹிவளையில் பெரியம்மா வீட்டு முற்றத்தில் நிற்கிறது. பெரியம்மாவுக்கு 73 வயது, கார் ஓட்டத் தெரியாது. ஒரே மகள் கனடாவில். காரை 9 இலட்சம் ரூபாவுக்கு எனக்குத் தர பெரியம்மா சம்மதித்திருக்கிறார். எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் பெரியம்மாவே அதை ஸ்டார்ட் செய்து வைக்கிறார். ஒரே குறை, சாவியைத் திருப்பினாலும் சில வேளை எஞ்சின் நிற்பதில்லை. பெரியம்மா பொனட்டைத் திறந்து ஏதோ ஒரு லீவரை அழுத்தி நிறுத்துகிறார். அந்தக் குறையைச் சொல்லித்தான் விலையைக் குறைத்துக்கொண்டேன். தெரிந்த கராஜில் 18 இலட்சம் செலவில் ஜப்பான் எஞ்சின், 18 அங்குல அலோய் சக்கரம், தாழ்த்திய சஸ்பென்ஷன், கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். நண்பர்கள், பழைய தோற்றத்தைக் கெடுக்காதே என்கிறார்கள். மனைவி காரே வேண்டாம் என்கிறார். மாற்றுவதா, அப்படியே வைத்திருப்பதா?

பதில்: தம்பி, உங்கள் சக்கரத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. சில மாதம் சாவகச்சேரியில் ஒரு பனங்காணியாக வருகிறது, சில மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடி வீடாக வருகிறது, ஒரு தடவை தையல் இயந்திரமாகவும் வந்தது. பொருள்தான் மாறும். தனியாக இருக்கும் ஒரு வயதான பெண்ணும், "சம்மதித்திருக்கிறார்" என்ற சொல்லும் மாறுவதில்லை.

உங்கள் கடிதத்தில் நான் மூன்று முறை திரும்பிப் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். "பெரியம்மா பொனட்டைத் திறந்து ஏதோ ஒரு லீவரை அழுத்தி நிறுத்துகிறார்." நீங்கள் அதைக் காரின் குறைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த லீவர் என்ன என்று முதலில் சொல்கிறேன், உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. டீசல் எஞ்சினுக்குப் பெற்றோல் எஞ்சின் போல மின்பொறி தேவையில்லை. அதனால் சாவியைத் திருப்பி மின்சாரத்தை வெட்டினால் மட்டும் அது நிற்காது, எரிபொருள் நிற்க வேண்டும். இந்தக் காரில் அந்த வேலையைச் செய்வது வெக்குவம். எஞ்சினோடு சுழலும் ஒரு சிறு பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சாவியைத் திருப்பும்போது மெல்லிய குழாய் வழியாக அந்த உறிஞ்சல் போய் டீசல் பம்பை மூடுகிறது. கதவுகளை ஒன்றாகப் பூட்டுவதும் இதே வெக்குவம்தான். நாற்பது வருடப் பழைய ரப்பர் எங்காவது வெடித்திருந்தால், ஏன், பின் கதவுப் பூட்டுக்குள்ளே ஒரு சிறு ஓட்டை இருந்தால்கூட, எஞ்சின் நிற்க மறுக்கும். இப்படி நடக்கும் என்று தெரிந்துதான் அந்தக் காரைச் செய்தவர்கள் பொனட்டுக்குள் கையால் அழுத்தும் ஒரு லீவரையும் வைத்தார்கள். "ஸ்டாப்" என்று அதில் எழுதியும் இருக்கும்.

இப்போது பெரியம்மாவைப் பாருங்கள். கார் ஓட்டத் தெரியாத பெண். வெள்ளிக்கிழமை, அநேகமாகத் தலைமுழுகி விளக்கேற்றிய பிறகு, சாவியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருகிறார். சாரதி இருக்கையில் உட்காருகிறார். சாவியைத் திருப்பி, மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருக்கிறார். டீசல் எஞ்சினை முதலில் சூடேற்ற வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓடவிடுகிறார். பிறகு நிறுத்தப் பார்க்கிறார், அது நிற்க மாட்டேன் என்கிறது. இறங்கிப் போய், அந்தக் கனமான பொனட்டைத் தூக்கி, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்குள் கையை விட்டு, சரியான லீவரைத் தேடி அழுத்துகிறார். 73 வயதில். 2019 முதல் கணக்குப் பார்த்தால் முந்நூறு வெள்ளிக்கிழமைகளுக்கு மேல். 2020இல் ஊரடங்கு, 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டையைக் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய காலம், எல்லாம் இதற்குள் அடக்கம். அந்த வருடம் டீசலுக்கு அவர் என்ன செய்தார் என்று எப்போதாவது கேட்டீர்களா? லீவரைக் காட்டிக்கொடுத்தது பெரியப்பாவா, ஒரு மெக்கானிக்கா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் "ஏதோ ஒரு லீவர்" என்று எழுதியிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "இப்படிப்பட்ட கார்தானே பெரியம்மா" என்று விலையைக் குறைத்தீர்கள். அந்தக் குறையைத் தீர்க்கச் சில அடி ரப்பர்க் குழாயும், தேவைப்பட்டால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பாகமும், விஷயம் தெரிந்த மெக்கானிக்கின் ஒரு காலைப்பொழுதும் போதும். தெரியாமல் குறைத்திருந்தால் அறியாமை என்று விட்டுவிடுவேன். ஆனால் அது எஞ்சினின் பெரிய நோய் என்று நீங்கள் நம்பியதாகத் தெரியவில்லை, "எஞ்சின் நல்ல நிலையில் இருக்கிறது" என்று அதே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்று. நின்ற இடத்தில் ஓடவிடுவது எஞ்சினுக்கு நல்லதல்ல. டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது சரியாகச் சூடேறாது, சைலன்ஸருக்குள் ஈரம் தங்கும், பற்றரியும் நிறையாது. பதினைந்து, இருபது கிலோமீற்றர் ஓட்டினால்தான் அதற்குப் பயன். பெரியம்மாவால் ஓட்ட முடியாது. உங்களால் முடியும். வெள்ளவத்தைக்கும் தெஹிவளைக்கும் நடுவில் ஒரு பாலம்தான் இருக்கிறது. இந்த வருடங்களில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, அவரைப் பின் இருக்கையில் ஏற்றி, மயூரபதி அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், அப்படியே மொறட்டுவைவரை ஓட்டிக் கொண்டுவந்து விட்டிருந்தால் காரும் நன்றாக இருந்திருக்கும், அவரும் நன்றாக இருந்திருப்பார். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

சரி, விலை. 9 இலட்சம் பெரியம்மாவுக்கு, 18 இலட்சம் கராஜுக்கு. இந்த இரண்டு எண்களையும் நீங்களே எழுதினீர்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது, அதுவும் கடும் வரியோடு. அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் ஓடக்கூடிய எந்தப் பழைய காரின் விலை எங்கே போனது என்று கொழும்பில் உள்ளவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் மனதில் இருப்பது பெரியப்பா உயிரோடு இருந்த காலத்து விலை. இரண்டு இடத்தில் மதிப்பீடு வாங்குங்கள். உங்கள் கராஜ் அதில் ஒன்றாக இருக்கக் கூடாது. எழுத்தில் வாங்கி, பெரியம்மா கையில் கொடுங்கள், உங்கள் பையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அவர் சம்மதித்தார் என்கிறீர்கள். நம் வீடுகளில் தங்கையின் மகன் வந்து முற்றத்தில் நின்று கேட்டால் எந்தப் பெரியம்மா இல்லை என்பார்? சோறு போட்டு, சாவியையும் கொடுத்துவிடுவார். இளையவர்கள் அந்தச் சம்மதத்தை விலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கொள்கை. பழைய காலத்துக் கிழவி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கார் யார் பெயரில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரியப்பா பெயரில்தான் இருக்கும். அப்படியானால் பெரியம்மா ஒருவரின் கையெழுத்து போதாது. உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டதாக இருந்தால், தேடியதேட்டத்தில், அதாவது திருமணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில், பாதிதான் மனைவிக்கு, மற்றப் பாதி பிள்ளைக்குப் போகும். கனடாவில் இருக்கும் அக்காவுக்கு இது தெரியுமா? இன்று இரவே அழைத்துச் சொல்லுங்கள், அவருக்கு அப்போது காலைதான். பிறகு ஒரு சட்டத்தரணியிடம் போய், மரணச் சான்றிதழ், வாரிசுகளின் சம்மதம் முதலியவற்றை ஒழுங்குபடுத்தி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறையாகப் பெயர் மாற்றுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டும் வேலை வேண்டாம். நாளைக்கு ஒரு விபத்து என்றால் பொலிஸ் போய் நிற்பது பெரியம்மா வீட்டு வாசலில்.

இனி உங்கள் கேள்வி. ஜப்பான் எஞ்சின் வேண்டாம். 240டி எஞ்சின் 2.4 லீற்றர், 72 குதிரைவலு. வேகம் இல்லை என்பது உண்மைதான், பம்பலப்பிட்டிச் சந்தியில் பச்சை விழுந்தால் முச்சக்கரவண்டிகூட உங்களை முந்தும். ஆனால் 1976 முதல் 1986 வரை ஏறக்குறைய 27 இலட்சம் கார்கள் செய்யப்பட்ட வரிசை இது. உலகம் முழுவதும் வாடகைக் கார்க்காரர்கள் நம்பி ஓட்டியது அந்த மெதுவான டீசலைத்தான். அதைக் கழற்றிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது பென்ஸ் நட்சத்திரம் குத்திய ஒரு வேன். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது, அதை மாற்றினால் திணைக்களத்திலும் மாற்ற வேண்டும். புகை அதிகம் என்றால் வால்வு இடைவெளியைச் சரிபார்த்து, இன்ஜெக்டர்களைச் சோதிக்கச் சொல்லுங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையை வாங்குவதற்கு முன்பே ஒருமுறை செய்து பாருங்கள். 18 அங்குலச் சக்கரமும் வேண்டாம். அந்தக் கார் 14 அங்குலச் சக்கரத்துக்கும் உயரமான டயருக்கும் செய்யப்பட்டது, அதன் சுகமே அங்கேதான் இருக்கிறது. தாழ்த்தினால் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும். கறுப்புக் கண்ணாடிக்குப் பொலிஸ்காரர் பதில் சொல்வார்.

எஞ்சினைவிட உங்களைக் கவலைப்படுத்த வேண்டியது துரு. தெஹிவளையில் கடல்காற்றுப் படும் முற்றத்தில் இத்தனை வருடம் நின்ற இரும்பு அது. ஜாக் வைக்கும் நான்கு இடங்கள், பற்றரித் தட்டின் அடி, முன் மட்காட்டின் பின்பக்கம், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, ஸ்பெயார் சக்கரம் கிடக்கும் குழி, இவ்வளவையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். கம்பளத்தைத் தூக்கித் தரையை ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். அது உள்ளே போனால், கராஜுக்கு வைத்திருக்கும் 18 இலட்சம் எங்கே போக வேண்டும் என்பதற்குப் பதில் கிடைத்துவிடும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தரையில் படும் பூ வரிகள் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அந்த வயது டயரில் ஒருவரையும் ஏற்றாதீர்கள். பிரேக் குழாய்களையும் மாற்றுங்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் இந்தக் காருக்குப் பொருள் கிடைக்கும், ஆனால் ரப்பர்ச் சாமான் மட்டும் புதிதாக வாங்குங்கள். ஒரே ஒரு மாற்றத்துக்கு நான் முழுச் சம்மதம்: ஏசி. அந்தக் காலத்து ஆர்12 வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று உலகமே கைவிட்டுவிட்டது. 134ஏ வாயுவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் உட்காரும் 73 வயதுப் பெண்ணுக்குக் காலி வீதி வெயிலில் அது வேண்டும்.

ஆம், பின்னால் அவர் உட்காருவார் என்றே நான் வைத்துக்கொள்கிறேன். அப்படி இல்லாவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். உண்மையான விலையைக் கொடுக்க உங்களால் முடியாது என்றாலும் விட்டுவிடுங்கள், வேறு யாராவது கொடுக்கட்டும். உங்கள் மனைவிக்கு உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. ஏன் வேண்டாம் என்கிறார் என்பதுகூட அதில் இல்லை. 27 இலட்சத்தை அவரிடம் கேட்காமல் கூட்டிக் கழித்தீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர் என்னிடம் எழுதினால் அதற்குத் தனியாகப் பதில் தருகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை தெஹிவளைக்குப் போங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரியம்மா வழக்கம்போல ஸ்டார்ட் செய்யட்டும். நிறுத்தும் நேரம் வரும்போது பொனட்டை நீங்கள் தூக்கிப் பிடியுங்கள், லீவர் எது என்று அவர் காட்டட்டும். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்க நேரம் எடுக்கும். விலையைப் பற்றி அன்று ஒரு சொல்லும் பேச வேண்டாம்.