விதை போட்ட புல்லுக்கு யூரியா போடலாமா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வாசகி ஒருவர் கேட்கிறார்: வீட்டு முன்னால் 20-க்கு 20 அடி இடத்தில் பெர்முடா புல் விதை தூவி மூன்று வாரமாகிறது. ஓர் அங்குலம் வளர்ந்து மஞ்சளடிக்கிறது. கடைக்காரர் யூரியா போடச் சொல்கிறார், லோரிக்காரர் ‘எஸ்டேட் உரம்’ மலிவாகத் தருகிறாராம். எதைப் போடுவது?

இரண்டும் வேண்டாம். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). சதுர மீட்டருக்கு ஒரு தேக்கரண்டியே உங்கள் புல்லுக்கு அதிகபட்சம். கையால் அள்ளி வீசினால் அதைப்போல் பத்து மடங்கு விழும். இலை நுனி வைக்கோல் நிறமாகும், பிறகு வேரும் கருகும்.

எஸ்டேட் உரம் என்று விற்பது பெரும்பாலும் செம்பனைக் கலவை. அதில் பொட்டாஷ் உப்பு அதிகம். வளர்ந்த பனை தாங்கும், முளைப்புல் தாங்காது. அதுவும் செம்பனை உரம்தானா என்பதற்கே உத்தரவாதமில்லை. எங்கோ அவிழ்த்த மூட்டையைப் பழைய சாக்கில் கட்டி எடைக்கு விற்கிறார்கள், கேட்பாரில்லை. சாக்கின் மேல் மூன்று எண்கள் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) அச்சாகியிருக்காவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

உரம் போடுமுன் புல்லைக் கொஞ்சம் பிடுங்கிப் பாருங்கள். அடித்தண்டு அழுகி, திட்டுத்திட்டாகச் சாய்ந்திருந்தால் அது பூஞ்சணம். உரம் போட்டால் மோசமாகும். மாலையில் தண்ணீர் விடுவதை முதலில் நிறுத்துங்கள்.

வேர் வெள்ளையாக, புல் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால்தான் உரம். 15-15-15 கேளுங்கள், மலாயில் ‘பாஜா ஹிஜாவ்’ (பச்சை உரம்) என்றாலும் கடையில் தெரியும். உங்கள் இடத்துக்கு 600 கிராம் போதும். உலர்ந்த மணலில் கலந்து, பாதியை நீளவாக்கிலும் பாதியைக் குறுக்கிலும் தூவுங்கள். காலையில் பனி காய்ந்தபின் தூவி, உடனே பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். இலையில் ஒட்டிய குருணை அப்படியே சுடும். மதியம் மழை இருட்டினால் அன்றைக்கு வேண்டாம், உரம் சாக்கடைக்குப் போய்விடும். நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை.

ஒரு விதிவிலக்கு. உங்கள் பக்கம் பழைய ஈயச் சுரங்க மணலைக் கொட்டி மேடாக்கிய இடங்கள் உண்டு. ஓர் அடி தோண்டிப் பாருங்கள். வெளுத்த மணலாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்காமல் உதிர்ந்தால், அந்த 600 கிராமை மூன்றாகப் பிரித்து பத்து நாளைக்கு ஒரு முறை 200 கிராம் போடுங்கள். மணல் எதையும் பிடித்து வைக்காது. ஒரே தடவையில் போட்டால் முதல் வாரம் சூடு, அடுத்த வாரம் பசி. வீடு கட்டுகிறவர்கள் நல்ல மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு எதையோ நிரப்பிச் சாவி கொடுக்கிறார்கள். புல் வாங்கி, உரம் வாங்கி அவதிப்படுவது நீங்கள்.

சுண்ணாம்பை உரத்தோடு சேர்த்துப் போடச் சொன்னாலும் கேட்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகிவிடும். களைக்கொல்லியைப் புல்லை நான்கு முறை வெட்டும்வரை தொடவே கூடாது. களையைக் கையால் பிடுங்குங்கள்.