வீட்டுக்காரர் வாயால் சொன்னால் காலி செய்ய வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் கோவை சரவணம்பட்டியில் 14,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். அட்வான்ஸ் 70,000. ஒப்பந்தத்தை முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். முடிய ஐந்து மாதம் இருக்கிறது. போன வாரம் வீட்டுக்காரர், "ஏனுங் தம்பி, மகளுக்கு வீடு வேணுமுங்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிப்போடுங்க" என்றார். தயங்கியதும், தண்ணீரை நிறுத்திவிடுவேன் என்கிறார். அப்பாவோ, "அடுத்தவன் வீட்டுல இருந்தா இப்படித்தான், ஒரு சைட்டை வாங்கிப்போடு" என்கிறார். என்ன செய்வது?

பதில்: நம் கொங்குப் பக்கத்தில் சொந்த வீடு இல்லாத பையனுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். அதனாலேயே வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள், வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னதும் தப்புச் செய்தவர்களைப் போலச் சாமான் கட்டுகிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. சைட் வாங்குவதை அப்புறம் யோசிக்கலாம்; இப்போது கையில் இருக்கும் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தக் காலத்துக்குள் உங்களை வெளியேற்ற அவர் வாடகை நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க வேண்டும். மகளுக்கு வீடு தேவை என்பது அங்கே எடுபடக்கூடிய காரணம்தான். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்.

தண்ணீரை நிறுத்த அவருக்கு உரிமையே இல்லை, மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டுக்குள் இருந்தாலும் சரி. நிறுத்தினால் அன்றே போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள். பிறகு, இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். விசாரணை முடியும்முன்பே தண்ணீரைத் திறந்துவிட உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

ஒன்றில் மட்டும் மிகக் கவனமாக இருங்கள். கோபத்தில், "அட்வான்சில் கழித்துக்கொள்ளட்டும்" என்று வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நல்ல வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். இரண்டு மாத பாக்கியை, அவர் நோட்டீஸ் கொடுத்தும் கட்டாவிட்டால், உங்களை வெளியேற்ற அதுவே காரணமாகிவிடும். கையில் வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டிருந்தால் அது செல்லும். நீங்கள் ஐந்து மாத வாடகையை அட்வான்சாகத் தரக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை இப்போது கிளப்பிப் பயனில்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியை அவர் தந்தாக வேண்டும்.

ஐந்து மாதம் முடிந்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் தங்கினால் இரட்டை வாடகை கேட்க அவருக்கு வழி இருக்கிறது. அதனால் இப்போதே நிதானமாக வேறு வீடு பாருங்கள். முன்கூட்டியே போக உங்களுக்குச் சம்மதமென்றால், தேதியையும் 70,000 ரூபாய் எந்த நாளில் கைக்கு வரும் என்பதையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே சாவியைக் கொடுங்கள்.