கம்பளியில் செத்த தாத்தா

கேள்வி: லண்டன் பையர் மெயிலில், ‘எங்கள் டிசைனர் ஒரு டைட்-இன்-த-வுல் (dyed-in-the-wool) டிரெடிஷனலிஸ்ட், நியான் கலரைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்’ என்று எழுதியிருந்தார். ‘எங்கள் பனியனில் கம்பளி ஒரு இழைகூடக் கிடையாது, முழுக்க காட்டன்’ என்று பதில் போட்டு, லேப் ரிப்போர்ட்டையும் இணைத்தேன். சிரிக்கிற பொம்மை ஒன்று வந்தது. என்னங்க தப்பு?
- ஒரு ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: லேப் ரிப்போர்ட் வேறா! வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் பொறுமையாகச் சொல்லியிருப்பேன். சாயத் தண்ணீர் விவகாரத்தில் 2011ல் உயர் நீதிமன்றமே பட்டறைகளை மூடச் சொன்ன ஊரிலிருந்து இப்படியொரு கேள்வி வரலாமா?

சரி, உங்கள் குடோனில் கிரே மெலாஞ்ச், அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் துணி, ஒரு ரோலாவது கிடக்கும். ஓரத்தில் ஒரு நூலை உருவி, முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். கறுப்பு இழை தனி, வெள்ளை இழை தனி. பஞ்சாக இருக்கும்போதே சாயம் ஏற்றி, வெள்ளைப் பஞ்சோடு கலந்து நூற்றது அது. இங்கிலாந்தில் ஆட்டு ரோமத்தை இப்படித்தான் நூற்பதற்கு முன்பே சாயத்தில் முக்கினார்கள். அதுதான் ‘டைட்-இன்-த-வுல்’, ரோமத்திலேயே சாயம் ஏறியது. ஒவ்வொரு இழையிலும் ஏறிய சாயம் லேசில் போகுமா? இதையே ஆட்களுக்குச் சொல்லும் வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஒரு கொள்கையிலோ பழக்கத்திலோ ஊறிப்போய், எத்தனை துவை துவைத்தாலும் வெளுக்காத ஆள். ‘அது அவருக்கு ரத்தத்திலேயே ஊறினதுங்க’ என்போமே, அதேதான்.

கட்சி, கொள்கை, ரசனை மாதிரியான விஷயங்களோடுதான் இது ஒட்டும். பிடிவாதக்காரர் என்ற வாடையும் கொஞ்சம் அடிக்கும். புதுச் சம்பந்தியைப் புகழ எடுத்துவிடாதீர்கள். ‘எங்கள் கலர் டைட்-இன்-த-வுல்’ என்று கேட்டலாகில் போட்டால் பையர் நிஜமாகவே கம்பளி என்று எடுத்துக்கொள்வார். சாயம் போகாது என்பதற்குத்தான் ‘கலர் ஃபாஸ்ட்’ இருக்கிறதே.

அப்புறம் ஸ்பெல்லிங். டி-க்கு அடுத்தது ஒய். பொள்ளாச்சி வாசகர் ஒருவர், தன் தாத்தா எப்பேர்ப்பட்ட காங்கிரஸ்காரர் என்று சொல்ல வந்து, ஒய் இருக்க வேண்டிய இடத்தில் ஐ போட்டுவிட்டார். தாத்தா கம்பளிக்குள்ளேயே செத்துப்போனார். நல்லவேளை, பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாதாம்.

நியான் சாம்பிளைத் தூக்கி உள்ளே வையுங்கள். நேவி புளூவும் அந்த மெலாஞ்ச்சும் இன்றைக்கே கூரியரில் போகட்டும்.