எரிச்சல் போய்விட்டது, கறி மட்டும் அடைக்கிறது

ஐயா, புற்றுநோயோ என்று பயந்து கடிதம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உணவுக்குழாய் ஸ்கோப் (கேமராக் குழாய்ப் பரிசோதனை) ரிப்போர்ட்டில் உள்ள ‘மெட்டாபிளேசியா’ புற்றுநோய் இல்லை. அக்காள் மகன் கைப்பேசியில் தேடிக் காட்டிய படங்களைப் பார்த்துவிட்டுப் பத்து நாள் தூங்காமல் கிடந்தேன் என்கிறீர்கள். அந்தப் படங்களுக்கும் உங்கள் ரிப்போர்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

உணவுக்குழாயின் உட்பக்கம் வாயின் உட்பக்கம் மாதிரிதான், தட்டைச் செல்களால் ஆனது. இரைப்பை அமிலம் வருஷக்கணக்கில் மேலேறிச் சுட்டால், அங்கே குடல் வகைச் செல்கள் முளைத்துவிடும். இந்தச் செல் மாற்றம்தான் மெட்டாபிளேசியா, பாரெட் உணவுக்குழாய் என்பதும் இதுதான். செல்கள் ஒழுங்கு கெடத் தொடங்கினால் அதை டிஸ்பிளேசியா என்போம். உங்களுக்கு அது இல்லை. இல்லாதவர்களில் ஆண்டுக்கு 1,000 பேரில் 5 பேருக்குக்கூடப் புற்றுநோய் வருவதில்லை.

நீங்கள் எழுதிய ஏப்பம், நாக்கில் வெள்ளை, வயிற்று உறுமல் பற்றிய கவலையை எல்லாம் விடுங்கள்.

ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ‘இரண்டு மாதமாக ஆட்டுக்கறி நடுநெஞ்சில் நிற்கிறது, தே-ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்தால் இறங்குகிறது, இப்போது சோறும் அப்படித்தான்.’ கடிதத்தை இதில்தான் தொடங்கியிருக்க வேண்டும், ஐயா! முதலில் கறி, அப்புறம் சோறு என்று அடைப்பு கூடிக்கொண்டே போனால், குழாய் குறுகுகிறதோ என்று பார்த்தே ஆக வேண்டும். புண் ஆறிய தழும்பாலும் குறுகலாம், கட்டியாலும் குறுகலாம். ஸ்கோப் போட்டுப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. ‘அடுத்த ஸ்கோப் 3 வருஷம் கழித்து’ என்று போன வருஷம் சொன்னது, அடைப்பு இல்லாத உங்களுக்கு. இந்த வாரமே சுங்கை சிப்புட் அரசு கிளினிக்குக்குப் போய், ‘சாப்பாடு அடைக்கிறது’ என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் வாங்குங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் பார்மசி மாத்திரையில் நெஞ்செரிச்சல் போனதால் குணமாகிவிட்டது என்று நினைத்தீர்கள். மாறிய செல்களுக்கு அமிலம் அவ்வளவாக உறைக்காது, அதனாலும் எரிச்சல் குறையும். எரிகிற அன்று இரண்டு, எரியாத அன்று ஒன்றுமில்லை என்று நீங்களே கணக்குப் போடுவதை நிறுத்துங்கள். டாக்டர் எழுதித் தரும் அளவில், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தினமும் போடுங்கள். தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழ வேண்டுமே என்று சாப்பிட்ட கையோடு படுக்கிறீர்கள். 3 மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிகரெட் அறவே வேண்டாம்.

ஸ்கோப் முடியும்வரை கறியைத் தள்ளிவைத்து, சோற்றைக் குழைய வைத்துச் சாப்பிடுங்கள். தண்ணீரே இறங்கவில்லை என்றாலும், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனாலும் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.